அகலப் பாதம், புடைத்த மூட்டு, மரத்துப்போன கால்: காலணி குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடைக்குக் கடை ஏறி இறங்கியும் காலுக்கேற்ற செருப்போ ஷூவோ கிடைக்கவில்லை என்று கொங்கு மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஐந்து இங்கே இடம்பெறுகின்றன. இயல்பான வடிவத்திலிருந்து மாறுபட்ட பாதங்களுக்கு அளவெடுத்துக் காலணி செய்யும் பட்டறை ஒன்றைக் கோவையில் நடத்திவருபவர் பதிலளித்திருக்கிறார்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது நாற்பத்தாறு. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பாதத்தின் முன்பகுதி அகன்றுவிட்டது. வலது பெருவிரலின் அடிமூட்டு வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கிறது. ஆறாம் நம்பர் போட்டால் விரல்கள் நசுங்குகின்றன. எட்டாம் நம்பர் போட்டால் குதிகால் கழன்று கழன்று வருகிறது. கடைக்காரரிடம் கேட்டால், “போடப் போடச் சரியாயிருமுங்க” என்கிறார். உண்மையிலேயே சரியாகுமா?
– வாசகி, அனுப்பர்பாளையம், திருப்பூர்

பதில்: சரியாகாது, அம்மா. கடையில் போட்டுப் பார்க்கும்போதே விரலை நெருக்கும் காலணி, பிறகு தளர்ந்து கொடுப்பதற்கு முன் உங்கள் மூட்டைத்தான் மேலும் தள்ளும். அதிலும் இன்று விற்கும் மலிவு விலைக் காலணிகளில் பெரும்பாலானவை ரெக்சினால் ஆனவை. நல்ல தோல் காலின் சூட்டிலும் ஈரத்திலும் ஓரளவு இளகி வடிவம் கொள்ளும். ரெக்சின் எவ்வளவு நாள் போட்டாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

உங்கள் தொல்லையின் வேர் அந்த நம்பரில் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் சொல்லப்படும் ஆறு, ஏழு, எட்டு என்பவை ஆங்கிலேய அளவுமுறையைச் சேர்ந்தவை. அவை நீளத்தை மட்டுமே குறிக்கின்றன. ஒரு நம்பர் கூடினால் நீளம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் கூடும். முன்பாதத்தின் சுற்றளவோ 5 அல்லது 6 மில்லிமீட்டர்தான் கூடும். ஆகவே அகலம் வேண்டி இரண்டு நம்பர் ஏறியபோது, நீங்கள் கேட்காத நீளம் 17 மில்லிமீட்டர் சேர்ந்தது, குதிகால் பகுதியும் தளர்ந்தது, தேவைப்பட்ட அகலம் மட்டும் போதிய அளவு கிடைக்கவில்லை. அதோடு இன்னொரு கேடும் உண்டு. காலணி மடங்க வேண்டிய இடம், பெருவிரலின் அடிமூட்டுக்கு நேராக இருக்க வேண்டும். நீளம் அதிகமான காலணியில் அந்த மடிப்பு விரல் நுனியை நோக்கி நகர்ந்துவிடுவதால், ஒவ்வோர் அடியிலும் கால் ஓரிடத்திலும் காலணி வேறோர் இடத்திலும் மடங்குகின்றன. ஏற்கெனவே புடைத்திருக்கும் மூட்டில் வலி கூடுவதற்கு இதுவும் காரணம்.

பாதத்தை முறையாக அளக்க மூன்று அளவுகள் வேண்டும்: குதிகாலிலிருந்து நீண்ட விரலின் நுனி வரை ஒன்று, குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரை ஒன்று, அந்த மூட்டின் குறுக்கே உள்ள அகலம் ஒன்று. அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் பிரானக் 1920களில் உருவாக்கிய உலோக அளவுக்கருவி இம்மூன்றையும் ஒரே நேரத்தில் காட்டும். அங்கெல்லாம் ஒரே நீளத்துக்குப் பல அகலங்களில் ஷூ வருகிறது. இங்கே அப்படி வருவது அரிது. வெளிநாட்டுப் பாதத்துக்கென்று செதுக்கப்பட்ட அச்சுக்கட்டையில், தொழிலில் லாஸ்ட் என்று சொல்லப்படுவதில், வார்த்து எடுத்த காலணியையே நம் கால்கள் நீண்ட காலமாகச் சுமந்துவருகின்றன. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்ததில், இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கரின் பாதத்தைவிட அகலமானது என்று தெரியவந்தது. அதன் அடிப்படையில் ‘பா’ என்ற பெயரில் நமக்கான ஓர் அளவுமுறை முன்வைக்கப்பட்டிருப்பது 2024இல் செய்தியாக வந்தது. எனவே, உங்கள் காலில் ஏதோ கோளாறு என்று எண்ணி மனம் சோர வேண்டாம். குழந்தைப்பேற்றின்போது பாதத்தின் தசைநார்கள் தளர்ந்து, உள்வளைவு சற்றுத் தாழ்ந்து, பாதம் நிரந்தரமாகவே நீண்டும் அகன்றும் போவது பல பெண்களுக்கு நேர்வதுதான். வயது ஏறும்போதும் பாதம் அகலும். திருமணத்தின்போது போட்ட நம்பரையே வாழ்நாள் முழுவதும் சொல்லிக் கேட்பதுதான் தவறு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது இது. வேலை முடிந்து வீடு திரும்பிய மாலை நேரத்தில், கால் வீங்கியிருக்கும்போதே அளவெடுங்கள். காலையில் எடுக்கும் அளவு மாலைக்கு உதவாது. சுவரை ஒட்டி ஒரு தடித்த வெள்ளைத்தாளைத் தரையில் விரித்து, குதிகால் சுவரைத் தொடும்படி இரண்டு கால்களிலும் எடையைச் சமமாக வைத்து நில்லுங்கள். நீங்களே குனிந்து வரைந்தால் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து அளவு மாறிவிடும் என்பதால், பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி இன்னொருவர் கோடு வரைய வேண்டும். பிறகு தையற்காரரின் டேப்பைக் கொண்டு, புடைத்த மூட்டையும் சுண்டுவிரலின் அடிமூட்டையும் சேர்த்துச் சுற்றளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதங்களையும் அளக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஒன்று சற்றுப் பெரிதாகவே இருக்கும், காலணி அந்தப் பெரிய பாதத்துக்கு அமைய வேண்டும். வரைந்த கோட்டின் மீதே தாளைக் கத்தரித்துக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். வளையல் கடையில் கையைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் வளையல் தருவதில்லையே, காலுக்கும் அந்த மரியாதை வேண்டும். கத்தரித்த தாளைக் காலணிக்குள் தட்டையாக வைத்துப் பாருங்கள். தாளின் ஓரம் எங்கே மடிந்து மேலே ஏறுகிறதோ அங்கேதான் காலணி உங்களைக் கடிக்கப் போகிறது. உள்ளே இருக்கும் அட்டை கழற்றக்கூடியதாக இருந்தால், அதை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நின்று பாருங்கள். பாதம் பக்கவாட்டில் அட்டையைத் தாண்டி வழிந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது முன்பகுதி வட்டமாகவோ சற்றுச் சதுரமாகவோ இருக்கட்டும். புடைத்த மூட்டின் மேல் எந்தத் தையலும் ஓடக் கூடாது. விரலால் உள்ளே தடவிப் பார்த்தால் தெரியும். முன்புறம் அகலமாகக் கிடைத்து, குதிகால் மட்டும் நழுவினால் அதற்கு வழி இருக்கிறது. லேஸ் வைத்த ஷூவில் கடைசித் துளை ஒன்று சற்றுப் பின்னால் தனியாக இருக்கும்; லேஸை அதற்குள் அதே பக்கத்திலேயே நுழைத்து ஒரு சிறு வளையமாக விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் செலுத்தி இழுத்துக் கட்டினால் கணுக்கால் பின்னோக்கி இறுகும், முன்பகுதி தளர்வாகவே இருக்கும். ஷூவின் நாக்குக்கு அடியில் மெல்லிய பஞ்சுத் துண்டு ஒன்றை ஒட்டினாலும் பாதம் பின்னால் தள்ளப்பட்டுக் குதிகால் நிலைகொள்ளும். செருப்புத்தான் வேண்டுமென்றால், முன்பாதம், மேற்பாதம், குதிகால் மூன்றிலும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வெல்க்ரோ பட்டை உள்ளதை வாங்குங்கள். பின்பட்டை இல்லாத ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் நிற்பவர்கள், அது கழன்றுவிடாமல் இருக்கத் தம்மை அறியாமலே விரல்களால் அதைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். மாலையில் விரல்களும் கெண்டைக்காலும் வலிப்பதற்கு அது ஒரு காரணம்.

தோல் காலணியாக இருந்தால், மூட்டுக்கு நேரான இடத்தை மட்டும் குமிழ்போல விரித்துத் தரக்கூடிய தொழிலாளர்கள் இருக்கிறார்கள், கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இவை எல்லாம் வலியைக் குறைக்கும், புடைப்பு மேலும் வளரும் வேகத்தைத் தணிக்கும். ஏற்பட்ட புடைப்பைக் காலணியால் கரைக்க முடியாது. பெருவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறத் தொடங்கினாலோ, கால் ஓய்வில் இருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மகன் நான்காம் வகுப்புப் படிக்கிறான். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி ஷூ வாங்கும்போது, “வளர்ற பையன், ரெண்டு நம்பர் பெருசா வாங்கு” என்று என் மாமனார் சொல்கிறார். பையனோ ஓடும்போது தடுக்கி விழுகிறான். அவன் பாதம் தட்டையாகவும் இருக்கிறது.
– வாசகி, பரமத்தி வேலூர்

பதில்: பெரியவர் சிக்கனத்தை நினைத்துச் சொல்கிறார், ஆனால் ஷூவின் விஷயத்தில் அந்தச் சிக்கனம் பிள்ளையின் நடையைக் கெடுக்கும். பெரிய ஷூவுக்குள் பாதம் முன்னும் பின்னும் வழுக்குவதால் பையன் விரல்களை மடக்கி ஊன்றி நடக்கப் பழகுவான். நின்ற நிலையில் நீண்ட விரலுக்கு முன்னால் 12 மில்லிமீட்டர் இடம், அதாவது பெரியவர்களின் கட்டைவிரல் அகலத்தைவிடச் சற்றுக் குறைவான இடம் இருந்தால் வளர்ச்சிக்குப் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த இடம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். ஷூவின் முனையை வெளியிலிருந்து அழுத்திப் பார்ப்பதைவிட, உள்ளே இருக்கும் அட்டையை எடுத்து அதன்மேல் பையனை நிற்கச் சொல்வது சரியாகக் காட்டும். அழுத்தும்போது பிள்ளைகள் விரலைச் சுருக்கிக்கொள்வார்கள். சிறிதாகிப்போன காலுறையும் ஷூவைப் போலவே விரலை நெருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அண்ணன் போட்டுத் தேய்த்த ஷூவைத் தம்பிக்குக் கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள், அதில் அண்ணனின் நடை பதிந்திருக்கும்.

தட்டைப் பாதத்தைப் பொறுத்தவரை, பையன் நுனிக்காலில் எம்பி நிற்கும்போது உள்வளைவு தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றி, வலியும் இல்லையென்றால் கவலை வேண்டாம். அதற்கென்று விலை உயர்ந்த சிறப்பு ஷூ எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: ஐயா, ஃபவுண்டரியில் வேலை. கம்பெனியில் கொடுக்கும் சேஃப்டி ஷூவில் முன்னால் இரும்புத் தொப்பி இருக்கிறது. என் பாதம் அகலம்; சுண்டுவிரல் அந்த இரும்பின் விளிம்பில் உரசி ஆணி விழுந்துவிட்டது, நகமும் கறுத்துவிட்டது. கூட வேலை செய்பவர்கள் ஓரத்தை பிளேடால் கிழித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். நானும் அப்படிச் செய்யலாமா?
– வாசகர், கணபதி, கோவை

பதில்: வேண்டாம், தம்பி. உருகிய உலோகத்தின் ஒரு சொட்டு அந்தக் கிழிசல் வழியாக உள்ளே போனால், ஷூவைக் கழற்றுவதற்குள் சதை வெந்துவிடும். இதே காரணத்துக்காகத்தான் வார்ப்புப் பகுதியில் நிற்பவர்களுக்கு லேஸ் இல்லாத, சட்டென்று உதறிக் கழற்றக்கூடிய ஷூ நல்லது என்கிறார்கள். லேஸ் துளைகளிலும் நாக்கின் மடிப்பிலும் உலோகம் தங்கிவிடும். கால்சட்டையின் அடிப்பகுதி ஷூவுக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகக் கூடாது.

உங்கள் ஷூவின் உள்ளேயோ நாக்கிலோ ஐ.எஸ். 15298 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக் காலணிக்கான இந்தியத் தர அளவு அது. அதன்படி முன்தொப்பி 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். இருபது கிலோ எடையுள்ள பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஏறத்தாழச் சமமான மோதல் அது. இவ்வளவு வலுவான தொப்பி எவ்வளவு நாள் போட்டாலும் ஒரு மயிரிழைகூட விரியாது. தோல் இளகும், இரும்பு இளகாது. ஆகையால் வேறெந்த ஷூவையும்விட இதில்தான் முதல் நாளிலேயே அகலம் சரியாக இருக்க வேண்டும். முழங்காலை மடக்கிக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். குந்தும்போது பாதம் மடங்கி விரல்கள் முன்னே நகரும். அப்போது தொப்பியின் பின்விளிம்பு விரல் மூட்டின் மேல் பதிந்தால் அந்த அச்சு உங்களுக்கு ஆகாது. இரும்புக்குப் பதிலாகக் கலவைப் பொருளால் ஆன தொப்பி உள்ள ஷூக்களும் வருகின்றன. அவை எடை குறைந்தவை, ஆனாலும் அவையும் விரியாது என்பதால் அகலத்தைத்தான் பார்த்து எடுக்க வேண்டும்.

பாதுகாப்புக் காலணி தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. காலில் ஏற முடியாத காலணியைத் தருவது அந்தப் பொறுப்பை நிறைவேற்றியதாகாது. பாதம் வரைந்த தாளையும், கறுத்த நகத்தையும் பாதுகாப்பு அலுவலரிடம் நேரில் காட்டி, அகல அச்சில் செய்த ஷூவை வரவழைத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். சேஃப்டி ஷூ செய்பவர்களில் சிலர் அகல அச்சிலும் செய்கிறார்கள், மொத்தமாக வாங்குபவர்கள் கேட்பதில்லை என்பதால்தான் அவை உங்கள் வரைக்கும் வருவதில்லை. கால் ஆணியை பிளேடால் சீவுவதையும் விட்டுவிடுங்கள். உரசல் நின்றால் ஆணி தானாகவே மெலிந்துவிடும். உரசல் நிற்காதவரை எத்தனை முறை சீவினாலும் திரும்ப வளரும்.

கேள்வி: எனக்கு வயது ஐம்பத்தெட்டு. பல வருடங்களாகச் சர்க்கரை இருக்கிறது. பாதம் மரத்ததுபோல இருக்கிறது. சென்ற மாதம் ஒரு கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்திருக்கிறேன், வீட்டில்தான் பார்த்துச் சொன்னார்கள். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வேண்டுதலாக வெறுங்காலில் பழனிக்கு நடந்துபோவது வழக்கம். இந்த முறை மருத்துவர் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது என்கிறார். நான் என்ன செருப்புப் போட வேண்டும்? வேண்டுதலை என்ன செய்வது?
– வாசகர், காங்கேயம்

பதில்: ஐயா, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான். செருப்பு கழன்றதை உணராத கால், முள் ஏறியதையும் தார்ச்சாலை சுட்டதையும் உணராது. காங்கேயத்திலிருந்து தாராபுரம் வழியாகப் பழனி வரை நீளும் அந்தச் சாலையில், வலி தெரிந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி மண்ணில் கால் வைப்பார்கள். உங்கள் கால் ஒதுங்காது. மருத்துவர் சொன்னது முற்றிலும் சரி.

உணர்விழந்த பாதம் எப்படிப் புண்ணாகிறது என்பதை உலகத்துக்கு விளக்கியவர்களில் முதன்மையானவர், நம் பக்கத்துக் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். மறைப்பணியாளர் தம்பதியின் மகனான மருத்துவர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பிறகு கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் கை கால்களுக்குச் சிகிச்சை அளித்தார். விரல்கள் அழுகி விழுவது நோயின் நேரடி விளைவு என்று அதுவரை நம்பப்பட்டது. வலி என்ற காவல் போய்விட்டதால், காயமும் ஓயாத அழுத்தமும்தான் அந்த அழிவைச் செய்கின்றன என்று அவர் காட்டினார். ஒரே ஒரு பெரிய அடி படுவதைவிட, மிதமான அழுத்தம் ஆயிரக்கணக்கான முறை ஒரே இடத்தில் விழுவதே அதிக ஆபத்து என்பதும் அவருடைய ஆய்வுகள் வற்புறுத்திய உண்மை. நமக்கு வலித்தால் சற்று நொண்டி, எடையை வேறு பக்கம் மாற்றிவிடுகிறோம். உங்கள் கால் அப்படி நொண்டாது, அதே இடத்தையே மீண்டும் மீண்டும் மிதிக்கும். தொழுநோய்க்குக் கற்ற அந்தப் பாடமே இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் அடிப்படையாக இருக்கிறது.

எனவே உங்களுக்கு வேண்டியது எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பர்தான் அதன் உட்தளம். விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும்பும். அதற்கு அடியில் முள்ளும் ஆணியும் ஏறாதபடி கடினமான சோல் இருக்க வேண்டும். மென்மை மட்டும் போதாது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் ஓடும் செருப்பு உங்களுக்கு ஆகவே ஆகாது, அந்த வார் அறுக்கும் புண்ணை நீங்கள் உணரமாட்டீர்கள். குதிகாலில் பின்பட்டை கட்டாயம் வேண்டும். சிறு ஆணி அடித்துச் செய்த செருப்பையும் வாங்காதீர்கள். ஒட்டியும் தைத்தும் செய்ததுதான் பாதுகாப்பானது.

வாங்கும்போது உங்கள் உணர்வை நம்பாதீர்கள். மரத்த பாதம் உள்ளவர்கள், இறுக்கமாக இருந்தால்தான் செருப்பு காலில் இருப்பதே தெரிகிறது என்று சிறிய அளவையே விரும்பி எடுப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். முதல் கடிதத்துக்குச் சொன்ன தாள் சோதனையை உங்கள் வீட்டம்மா பார்க்கட்டும், அவர்களின் கண் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது. கழற்றியதும் பாதத்தை விளக்கொளியில் பாருங்கள். எங்கேனும் சிவந்து, அந்தச் சிவப்பு அரைமணி நேரத்திலும் மறையவில்லையென்றால் அந்த இடத்தில் செருப்பு அழுத்துகிறது என்று பொருள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம் என்பதால், வீட்டம்மா தம் புறங்கையை இரண்டு பாதங்களிலும் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஒரு பாதத்தில் ஓரிடம் மட்டும், மறு பாதத்தின் அதே இடத்தைவிடச் சூடாக இருந்தால் உள்ளே பாதிப்பு தொடங்கிவிட்டது. அன்றைக்கு நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். செருப்போ ஷூவோ, போடும் முன்பு ஒவ்வொரு முறையும் உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். சிறு கல், கழன்ற தையல், மடிந்த அட்டை எதுவானாலும் கைக்குத்தான் தெரியும்.

தைப்பூசத்துக்குப் புறப்படுவதற்கு முன், மருத்துவரிடம் பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் தொட்டு, உணர்வு எங்கே போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். காலின் நாடித் துடிப்பையும் பார்ப்பார்கள். புண் இருந்தாலோ, ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ இந்த முறை பேருந்தில் போய் முருகனைக் கும்பிட்டு வாருங்கள். நடக்கலாம் என்று அவர் அனுமதித்தால், எம்.சி.ஆர். செருப்போடும், தையல் உறுத்தாத வெள்ளைப் பருத்திக் காலுறையோடும், அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் நடங்கள்; வெள்ளைக் காலுறையில் ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். தங்குமிடம் ஒவ்வொன்றிலும் கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றியாக வேண்டும் என்பதால், படிகள் சூடேறும் முன் அதிகாலையில் ஏறிவிடுங்கள், அல்லது விஞ்சில் போங்கள். இறங்கியதும் முதல் வேலை பாதத்தைப் பார்ப்பதுதான். கொப்புளம் இருந்தால் உடைக்காமல், துணி சுற்றி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனையோ ஆண்டுகள் நடந்துபோய்க் கும்பிட்ட உங்களைச் செருப்போடு வந்ததற்காக அந்தத் தண்டபாணி ஒதுக்கிவிடமாட்டார்.

கேள்வி: என் அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதில் இடது பாதம் வலதைவிட இரண்டு நம்பர் சிறியது. அந்தக் காலும் மூன்று சென்டிமீட்டர் குட்டை. இத்தனை ஆண்டுகளாக ஒரே அளவு ஜோடியை வாங்கி, இடது செருப்புக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு நடக்கிறார். இப்போது முதுகும் வலது முழங்காலும் வலிக்கின்றன. ஏதாவது வழி உண்டா?
– வாசகி, சத்தியமங்கலம்

பதில்: உண்டு, அம்மா. பாதங்களுக்கிடையே வேறுபாடு ஒரு நம்பருக்குள் இருந்தால், பெரிய பாதத்துக்கு வாங்கிச் சிறிய பாதத்துக்கு முழுநீள அட்டை ஒன்றைக் கூடுதலாகப் போட்டுச் சமாளிக்கலாம். இரண்டு நம்பர் என்பது சமாளிக்கும் அளவு அல்ல. ஒரே மாதிரியில் இரண்டு ஜோடி வாங்கி ஒன்றிலிருந்து இடதையும் மற்றதிலிருந்து வலதையும் எடுத்துக்கொள்வது ஒரு வழி, ஆனால் செலவு இரட்டிப்பாகும். அளவு கொடுத்துச் செய்துகொள்வது பெரும்பாலும் அதைவிட மலிவாகவே முடியும். சுருட்டிய துணியை இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள், அது நடக்க நடக்க ஓரிடத்தில் கட்டியாகத் திரண்டு விரல்களை வளைத்துவிடும்.

உயர வேறுபாட்டை எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்பதை எலும்பு மருத்துவரோ உடலியக்க மருத்துவரோதான் முடிவு செய்ய வேண்டும். இவ்வளவு காலம் அந்த வேறுபாட்டுக்கே பழகிய இடுப்பு, மூன்று சென்டிமீட்டரையும் ஒரே நாளில் ஏற்றினால் தாங்காது. முதலில் ஒரு சென்டிமீட்டர், சில வாரங்களுக்குப் பிறகு மேலும் கொஞ்சம் என்று ஏற்றுவதே முறை. பெரும்பாலும் முழு வேறுபாட்டையும் ஈடுகட்டுவதில்லை, வாதம் தாக்கிய கால் தரையில் இடிக்காமல் முன்னே வீச அந்த மிச்ச இடம் உதவும். ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் வைக்கும் உயரம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் குதிகால் ஷூவை விட்டு வெளியே ஏறிவிடும். அதற்கு மேல் தேவைப்படுவதை வெளியே, சோலில்தான் கூட்ட வேண்டும். எடை குறைந்த ரப்பரில் கூட்டச் சொல்லுங்கள். விரல் நுனியை நோக்கிச் சோல் சற்று மேலே வளைந்து மெலிய வேண்டும். தடித்த சோல் மடங்காது என்பதால், அந்த வளைவு இல்லாவிட்டால் அப்பா ஒவ்வோர் அடியிலும் தடுக்குவார். அவர் இருசக்கர வாகனம் ஓட்டுபவராக இருந்தால், புதுச் சோலோடு இடது காலால் கியர் மாற்றுவது பிடிபடும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு இயங்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், அப்பாவின் அடையாள அட்டையைக் காட்டி உதவி உபகரணங்கள் குறித்துக் கேளுங்கள். அளவெடுக்கப் போகும்போது அவர் இப்போது போட்டுத் தேய்த்த செருப்பையும் கொண்டுபோக வேண்டும், கழுவித் துடைக்காமல் அப்படியே. உட்புறத் தேய்மானமா வெளிப்புறத் தேய்மானமா, விரல் நுனியில் தேய்ந்திருக்கிறதா குதிகாலிலா என்பதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கத்தில் எவ்வளவு கூட்டுவது என்று செய்பவர் கணக்கிடுவார். முடித்த ஜோடியைப் பட்டறையிலேயே போட்டு, சமதளத்திலும் படியிலும் நடந்து காட்டிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை சரிபார்த்துத் தருவதையும் விலை பேசும்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.